போலீஸ் கண்காணிப்பு எல்லை மீறினால்: ஆர்டிஐயா, ஆணையமா, ஹைகோர்ட்டா, ஊர்க்கூட்டமா?

இரவு ஷிப்ட் முடிந்து திருப்பூரில் வண்டியில் வரும்போது நிறுத்தி, லைசென்ஸைப் பார்த்த கையோடு முகத்தையும் செல்போனில் படம் எடுத்தார்கள். அது எங்கே போகும்? மறியலில் கைதாகி மாலை வரை கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தபோது விரல் ரேகை பதிந்தார்கள். அதை அழிக்கச் சொல்லலாமா? விசாரணைக்குக் கூப்பிட்டுப் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், ரசீது தரவில்லை, யாரிடம் போவது? கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து இப்படிக் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஒரு வக்கீல் ஹைகோர்ட்டில் ரிட் மனுப் போடுங்கள் என்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமை மனு போடுங்கள் என்கிறார், பையன் வாட்ஸ்அப்பை விட்டு சிக்னல் செயலிக்கு மாறினால் போதும் என்கிறான். மூன்று பேரும் மூன்று வேறு நோய்க்கு மருந்து சொல்கிறார்கள்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்காணிப்பை முழுக்க மேலிருந்து திணித்தது என்று கொங்கு நாட்டில் யாரும் பேச முடியாது. 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கோவையில் செக்போஸ்ட் வேண்டும் என்று கேட்டவர்கள் நாம்தான். அந்தச் செக்போஸ்ட்டுகளோடு ஆண்டுக்கணக்கில் குடியிருந்தவர்கள் கோட்டைமேட்டு மக்கள். 2022 அக்டோபரில் உக்கடத்தில் கார் வெடித்தது. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் மூன்று பேர் கொலையானார்கள். அடுத்த ஆண்டே சிவகிரிப் பக்கம் ஒரு வயதான தம்பதி. அதற்கப்புறம் தோட்டத்துச் சாலையில் தனியாக இருக்கும் பெரியவர்களிடம் கேமரா வேண்டாம் என்று எவன் சொல்வான்? நானும் சொல்லவில்லை. எடுத்த படத்தை யார் பார்க்கிறார், எத்தனை நாள் வைக்கிறார், யாருக்குக் கணக்குச் சொல்கிறார் என்பதுதான் கேள்வி.

சட்டமும் இதற்குள் நிறைய விரிந்துவிட்டது. தமிழ்நாடு போலீஸ் 2021லிருந்து முகத்தேடல் மென்பொருள் (எடுத்த முகத்தைப் பதிவிலுள்ள படங்களோடு ஒப்பிட்டுத் தேடுவது) வைத்திருக்கிறது. 2022ல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டப்படி விரல் ரேகை, கருவிழி, கையெழுத்து எல்லாவற்றையும் எடுத்து 75 ஆண்டு வைத்திருக்கலாம். தொலைத்தொடர்புச் சட்டம் 2023ல் வந்தது. போன் ஒட்டுக்கேட்புக்கான அதன் விதிகள் 2024 டிசம்பரில் வந்தன. ஒரு உத்தரவு 60 நாள், நீட்டித்தால் மொத்தம் 180 நாள். கேட்பவர் அதிகாரி, அனுமதிப்பவர் உள்துறைச் செயலாளர், சரிபார்க்கும் குழுவும் அதிகாரிகளே. நீதிபதி எங்கும் இல்லை. இந்தப் பக்கம் நமக்கு இருப்பது 2017 ஆகஸ்ட் 24ல் ஒன்பது நீதிபதிகள் சொன்ன புட்டசாமி தீர்ப்பு. அந்தரங்கம் அடிப்படை உரிமை. அதில் அரசு கைவைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவும் இருக்க வேண்டும்.

எதை வைத்து எடைபோடுவது

கடைசியில் கையில் என்ன வேண்டும் என்பது முதல் கேள்வி: தகவலா, இழப்பீடா, பதிவை அழிப்பதா, இனி யாருக்கும் நடக்காதபடி விதியா? இதைத் தீர்மானிக்காமல் கிளம்புகிறவர்கள்தான் பாதி வழியில் சலித்துத் திரும்புகிறார்கள். இரண்டாவது, பணமும் நாளும். மூன்றாவது, பலரும் யோசிக்காதது: மனுவில் உங்கள் பெயரும் விலாசமும் இருக்கும், அது சுற்றிச் சுற்றி உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கே வரும், அதைத் தாங்குவீர்களா? நான்காவது, கையில் ஏதாவது காகிதம் இருக்கிறதா? நோட்டீஸ், எஃப்.ஐ.ஆர். நகல், பறிமுதல் பட்டியல், எதுவாக இருந்தாலும் சரி.

ஆர்டிஐ மனு

செலவு பத்து ரூபாய்; தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது மழுப்பினால் அதே துறையின் மேலதிகாரியிடம் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் சென்னையிலுள்ள தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது.

பெரும்பாலான மனுக்கள் கேள்வி கேட்கும் விதத்தாலேயே செத்துப்போகின்றன. ‘ஏன் என் முகத்தைப் படம் எடுத்தீர்கள்?’ என்று எழுதினால், அது தகவல் அல்ல, விளக்கம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். மாநகரக் காவல் ஆணையர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு இப்படி எழுதலாம்:

‘1. முகத்தேடல் மென்பொருளைக் களத்தில் பயன்படுத்துவது குறித்துத் தங்கள் அலுவலகத்துக்கு வந்த சுற்றறிக்கை, வழிகாட்டு நெறிமுறைகளின் நகல். 2. கடந்த ஓராண்டில் இம்மாநகர எல்லைக்குள் செய்த முகத்தேடல்களின் எண்ணிக்கை, பொருந்தியவை எத்தனை, மாதவாரியாக. 3. பொருந்தாதவர்களின் படம் எத்தனை நாள் வைக்கப்படும், யார் அழிக்க வேண்டும் எனக் கூறும் ஆணையின் நகல்.’

மூன்றாவதுதான் உயிர்நாடி. அப்படி ஆணை இல்லை என்று பதில் வந்தால் அதுவே பெரிய ஆவணம். சட்டம் இருக்கிறதா என்ற புட்டசாமி கேள்விக்கு அரசே கையெழுத்துப் போட்டுப் பதில் தந்த மாதிரி.

எதற்குப் பயன்படாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். என் போன் ஒட்டுக்கேட்கப்படுகிறதா என்று கேட்டால் நாட்டுப் பாதுகாப்பு, விசாரணைக்குப் பாதிப்பு என்று இரண்டு விலக்குகளைக் காட்டுவார்கள். அப்படிப்பட்ட தகவலைத் தர வேண்டியதில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உளவுப் பிரிவுகளுக்கு 24ஆம் பிரிவு விலக்கு இருக்கிறது. ஆனால் மனித உரிமை மீறல் குறித்த தகவல் என்றால் அந்த விலக்கு ஓடாது, ஆணையத்தின் ஒப்புதலோடு தர வேண்டும். இதை மனுவிலேயே ஒரு வரி எழுதி வையுங்கள். அப்புறம், 2025 நவம்பரிலிருந்து தனிநபர் தகவல் விலக்கை இன்னும் இறுக்கிவிட்டார்கள். ஆகவே எந்த எஸ்.ஐ., எந்த ஏட்டு என்று பெயர் கேட்டு மல்லுக்கட்ட வேண்டாம்.

மறைவான செலவு: மனு போட்ட வாரத்தில் ஒரு போன் வரலாம். ‘எதுக்குங்க இதெல்லாம் கேக்கறீங்க?’ மரியாதையாகத்தான் கேட்பார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டத்தின் 6(2) பிரிவே சொல்கிறது, அதையே நீங்களும் மரியாதையாகச் சொல்லலாம். தனி ஆளாகப் போட வயிற்றைக் கலக்கினால், நலச் சங்கப் பொறுப்பாளர் தன் பெயரில், சங்க விலாசத்தில் போடட்டும்.

மாநில மனித உரிமை ஆணையம்

உங்கள் மேல் நேரடியாக ஒன்று நடந்திருந்தால் இதுதான் வழி. போனைப் பிடுங்கினார்கள், கேலரியைப் புரட்டினார்கள், அடித்து லாக்கைத் திறக்கச் சொன்னார்கள் என்பது போன்ற புகார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, தமிழில் எழுதினால் போதும். ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்த பிறகு இதற்குக் கொஞ்சம் பல் முளைத்திருக்கிறது. இழப்பீடு வாங்கிக் கொடுக்கும், துறை நடவடிக்கைக்குச் சொல்லும்.

முகத்தேடல் மென்பொருளே சரியா தவறா என்பது போன்ற கொள்கைச் சண்டைக்கு இந்த இடம் பொருந்தாது. ஒரே விஷயத்தைக் கோர்ட்டுக்கும் கொண்டுபோனால் ஆணையம் ஒதுங்கிக்கொள்ளும் என்பதையும் மனதில் வையுங்கள்.

போன் திரும்பக் கிடைத்தால் போதும் என்பவர்களுக்கு ஆர்டிஐ, ஆணையம் இரண்டுமே சுற்று வழி. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 105ஆம் பிரிவுப்படி சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுத்தாக வேண்டும், பட்டியலும் போட வேண்டும். அந்தப் பட்டியலைக் கேட்டு எழுத்தில் ஒரு மனு கொடுத்துவிட்டு, உங்கள் ஊர் ஜே.எம். (மாஜிஸ்திரேட்) கோர்ட்டில் பொருளைத் திரும்பக் கேட்டு மனுப் போடுங்கள். உள்ளூர் வக்கீலே பார்த்துக்கொள்வார்.

(போலீஸ் புகார் ஆணையம் என்று ஒன்று 2013 சட்டத்தில் இருக்கிறதே என்பார்கள். மாவட்ட அளவில் அதற்குத் தலைவர் கலெக்டர், மாநில அளவில் உள்துறைச் செயலாளர். சுதந்திரமான அமைப்பு என்று எனக்குத் தோன்றவில்லை, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை.)

உயர் நீதிமன்றம்

பதிவையோ உத்தரவையோ ரத்து செய்யும் முழு பலம் இங்கேதான் இருக்கிறது. 2025 ஜூலையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு போன் ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தார். பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்புக் காரணமோ இல்லாமல், வழக்கமான குற்ற விசாரணைக்காக ரகசியமாக ஒட்டுக்கேட்க முடியாது என்றார். நல்ல தீர்ப்பு, ஆனால் தேதிகளைப் பாருங்கள்: உத்தரவு 2011ல் போட்டது, வழக்குப் போட்டது 2018ல், தீர்ப்பு 2025ல். ஹைதராபாதில் ஒருவர் மாஸ்க்கைக் கழற்றச் சொல்லிப் போலீஸ் படம் எடுத்ததை எதிர்த்துப் போட்ட முகத்தேடல் வழக்கில் 2022 ஜனவரியில் அரசுக்கு நோட்டீஸ் போனது. அவ்வளவு பெயர்பெற்ற வழக்கே மெதுவாகத்தான் நகர்கிறது.

தூரமும் செலவுதான். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல்காரர்கள் சென்னைக்குப் போக வேண்டும். கரூர்க்காரர்களுக்கு மதுரைக் கிளை. கோவைக்கு ஒரு கிளை வேண்டும் என்ற கோரிக்கை பல காலமாக அப்படியே கிடக்கிறது. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பிக்கலாம். பனியன் கம்பெனித் தொழிலாளர்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது.

யாரும் சொல்லாத செலவு ஒன்று இருக்கிறது. பலவீனமான வழக்கோடு போய்த் தோற்றால் அந்தத் தீர்ப்பு எல்லோர் தலையிலும் விழும். கையில் ஒரு தாளும் இல்லாமல், ‘என்னை வேவு பார்க்கிறார்கள் என நம்புகிறேன்’ என்று ரிட் போடாதீர்கள். போனுக்குள் புகுந்து வேவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைச் சோதித்து, 5ல் தீய மென்பொருள் இருந்தாலும் அது பெகாசஸ்தான் என உறுதியாகச் சொல்ல முடியாமல் போனது. அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் குழு சொன்னது.

எப்போது போகலாம்? காகிதம் இருக்கும்போது. ரவுடிப் பட்டியலில் பெயர் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், நள்ளிரவில் வந்து கதவைத் தட்டினால் போகலாம். அப்படி வீட்டுக்கு வந்து பார்ப்பதை 1962லேயே கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

விரல் ரேகை விஷயத்தில் மட்டும் உடனே சென்னைக்கு ஓட வேண்டாம். முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால், மேல்முறையீடெல்லாம் முடிந்தபின், மாஜிஸ்திரேட் வேறு மாதிரி உத்தரவிட்டால் தவிர, பதிவை அழிக்க வேண்டும் என்று 2022 சட்டமே சொல்கிறது. கல்யாண மண்டபக் கேஸ் இன்னும் எளிது. 144 தடையை மீறியதற்காகவோ முன்னெச்சரிக்கையாகவோ மட்டும் பிடித்தவர்களிடம், வேறு குற்றம் சாட்டாத வரை, விரல் ரேகை முதலான அளவுகள் எடுக்கவே கூடாது என்று அந்தச் சட்டத்தின் 2022 விதிகளிலேயே இருக்கிறது. எடுத்திருந்தால் விதியைக் குறிப்பிட்டு எஸ்.பி.க்கு ஒப்புகை அட்டையோடு ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். அதற்கு வரும் பதிலோ மௌனமோதான் பின்னாளில் ரிட்டுக்கு அடித்தளம். வேறு பிரிவிலும் எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்களா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். போட்டிருந்தால் இந்த விதி கைகொடுக்காது.

கிராம சபை, சங்கம், திங்கட்கிழமை மனு

இதைப் பலர் மதிப்பதில்லை. பலன் தரும் வேகத்தில் இதற்கு ஈடு எதுவும் இல்லை என்பது என் எண்ணம். 2025 நவம்பர் கடைசியில் எல்லாப் புதுப் போன்களிலும் சஞ்சார் சாத்தி என்ற அரசுச் செயலியை ஏற்றியே விற்க வேண்டும் என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பி, டிசம்பர் 3ஆம் தேதியே திரும்பப் பெற்றார்கள். எந்தக் கோர்ட்டும் அந்த வேகத்தில் செய்யாது.

நம் பக்கத்துக் கதை இரண்டு பக்கமும் வெட்டும். கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் விவகாரத்தில் ஏழு மாவட்ட விவசாயிகள் சேர்ந்து நின்றபோது 2013ல் தமிழக அரசே குழாயை நெடுஞ்சாலையோரமாகக் கொண்டுபோகச் சொன்னது. அதே விஷயம் கோர்ட்டுக்குப் போய் 2016ல் உச்ச நீதிமன்றத்தில் கெயிலுக்குச் சாதகமாக முடிந்தது. ஊர் திரண்டால் அரசு இறங்கிவரும். ஆனால் இறங்கி வந்தது நிலைக்கும் என்று உறுதி இல்லை.

கேமரா விஷயத்தில் நமக்கு ஒரு தனிச் சாதகம் இருக்கிறது. ஊரில் மாட்டும் கேமராக்களில் நிறைய நம் காசு. கடைக்காரர்கள் போட்டது, காலனிச் சங்கம் வசூலித்தது, தோட்டத்துக்காரர்கள் பங்கு போட்டது. காசு கொடுக்கும் அன்றே நிபந்தனையும் போட்டுவிடலாம். படத்தைப் பதியும் டிவிஆர் பெட்டி யார் வீட்டில், பாஸ்வேர்டு யாரிடம்? பதிவு 30 நாளில் தானாக அழியட்டும். கேமரா ரோட்டைப் பார்க்கட்டும், வாசலையும் குளிக்கும் தொட்டியையும் பார்க்க வேண்டாம். போலீஸ் கேட்டால் எழுத்தில் கேட்கட்டும், ஒரு நோட்டில் தேதியோடு பதியுங்கள். முகத்தேடலோடு இணைப்பதானால் கூட்டத்தில் வைத்துக் கேட்டுவிட்டு இணைக்கட்டும். எழுத்தில் கேட்கச் சொன்னால் ஸ்டேஷனில் முகம் சுளிப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். பதிவு கோர்ட்டில் நிற்க வேண்டுமானால் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்று அவர்களுக்கே தேவை. காகிதம் இல்லாமல் வாங்கிப்போன பதிவை வைத்து அவர்களும் கேஸ் நடத்த முடியாது.

கிராமமானால் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 சபைகளில் தீர்மானமாக்கலாம். நகரத்தில் சங்கத் தீர்மானம் போட்டு, திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் நகல் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இதிலும் விலை உண்டு. ஊர்க்கூட்டத்தில் பேசுவது பெரும்பாலும் ஊரில் பலமானவர்கள்தான். கேமரா யார் குடியிருப்பைப் பார்த்துத் திரும்ப வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானித்தால், வடநாட்டுத் தொழிலாளர் லைனும் பட்டியல் சாதியினரின் காலனித் தெருவும்தான் படத்தில் விழும். இந்த ஒரு காரணத்துக்காகவே நிபந்தனைகளைப் பொதுவாக எழுதாமல் கம்பம் கம்பமாக எழுத வேண்டும்.

போனைப் பூட்டிக்கொள்வது

செலவே இல்லை, இன்று இரவே செய்யலாம். விரல் ரேகை லாக்கை எடுத்துவிட்டு எண் லாக் வையுங்கள். ரேகை கொடுப்பது தனக்கெதிராகச் சாட்சி சொல்வதாகாது என்று 1961லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனதிலிருக்கும் பாஸ்வேர்டைக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் கோர்ட்டுகள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. வாட்ஸ்அப் பேக்கப்புக்கு மறையாக்கத்தை (என்கிரிப்ஷன்) ஆன் செய்யுங்கள், ஆதார் கேட்கும் லாட்ஜில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகலைக் கொடுங்கள்.

யாரோடு எப்போது பேசினீர்கள், எந்த டவரில் இருந்தீர்கள் என்பதை இதெல்லாம் மறைக்காது. ரோட்டில் எடுத்த படத்தையும் அழிக்காது. 200 பேர் உள்ள குரூப்பில் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் சிக்னலும் ஒன்றுதான், சாதா எஸ்எம்எஸ்ஸும் ஒன்றுதான். இது நடந்ததற்கு நிவாரணம் ஆகாது, இனி நடப்பதன் சேதத்தைக் கொஞ்சம் குறைக்கும்.

ஒரே பார்வையில்

| வழி | கிடைப்பது | செலவும் காலமும் | மறைவான விலை |
|---|---|---|---|
| ஆர்டிஐ | ஆவணம், அல்லது ஆணை இல்லை என்ற ஒப்புதல் | 10 ரூபாய். 30 நாள், மேல்முறையீட்டுக்கு மேலும் மாதங்கள் | பெயர் ஸ்டேஷனுக்குத் தெரியும் |
| மனித உரிமை ஆணையம் | இழப்பீடு, துறை நடவடிக்கை | கட்டணம் இல்லை. ஓராண்டுக்குள் புகார் | கொள்கை மாறாது |
| உயர் நீதிமன்றம் | உத்தரவு ரத்து, முன்னுதாரணம் | வக்கீல் கட்டணம், சென்னை அல்லது மதுரைப் பயணம். ஆண்டுகள் | தோற்றால் எல்லோருக்கும் பாதகம் |
| ஊர், சங்கம் | உள்ளூர் விதி | ஒரு கூட்டம், ஒரு தீர்மானம் | பலமானவர் குரலே எடுபடும் |
| போன் பூட்டு | முன்காப்பு | இலவசம், உடனே | பொய்யான தைரியம் |

யார் எதிலிருந்து தொடங்குவது

தனக்கு நேரடியாக ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் ஊரில் நடப்பது உறுத்துகிறது என்பவர் ஊர்க்கூட்டத்தில் தொடங்கி, சங்கத்தின் பெயரில் ஆர்டிஐ போடட்டும். அடிபட்டவர் ஆணையத்தையும், போனை இழந்தவர் ஜே.எம். கோர்ட்டையும் பார்க்கட்டும், ஆர்டிஐ பதிலுக்காகக் காத்திருந்து அந்த ஓராண்டைக் கோட்டை விட வேண்டாம். பதிவேட்டில் பெயர் ஏறியவர், விடுதலையான பிறகும் ரேகை அழிக்கப்படாதவர், மேலே சொன்ன கடிதத்துக்குப் பிறகு உயர் நீதிமன்றம் போகலாம். தனியாக நின்றால் வேலையே போகும் நிலையில் இருக்கும் வெளிமாநிலத் தொழிலாளி தன் பெயரில் எதுவும் போட வேண்டியதில்லை. திருப்பூரில் தொழிற்சங்கங்களுக்குக் குறைவில்லை. பொறுப்பாளர் ஒருவர் தன் பெயரில், அந்த மூன்று ஆர்டிஐ கேள்விகளோடு நான்காவதாக, வெளிமாநிலத் தொழிலாளர் விவரங்களைக் கம்பெனிகளிடமிருந்து வாங்கச் சொல்லும் ஆணையின் நகலையும் கேட்டு எழுதினால் போதும்.